முகாமுக்குக் கொண்டு போக எந்த சைக்கிள் ஏற்றது?

சேலத்திலிருந்து சிறிய ஹேட்ச்பேக் காரில், மனைவியோடும் 11 வயது மகளோடும் கொல்லிமலை, ஏலகிரி போன்ற இடங்களுக்குப் போய் டென்ட் அடித்துத் தங்குவதாகவும், ஆண்டுக்கு ஒருமுறை தரங்கம்பாடிப் பக்கம் கடற்கரையில் தங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தங்கும் இடத்தைச் சுற்றி ஓட்ட மூன்று சைக்கிள் வாங்க வேண்டும், ஒன்றுக்கு 20,000 ரூபாய் வரை செலவிடலாம், மடக்கு சைக்கிளா, மலை சைக்கிளா, பேட்டரி சைக்கிளா என்பது உங்கள் கேள்வி.

என் பதில் இதுதான். பெரியவர்கள் இருவருக்கும், முன்பக்க ஷாக் இல்லாத, 40 முதல் 50 மில்லிமீட்டர் அகல டயர் போட இடமுள்ள, ஏற்றத்துக்கான தாழ்ந்த கியர் கொண்ட, சக்கரத்தை ஸ்பேனர் இல்லாமல் கழற்ற முடிகிற எளிய சைக்கிளை வாங்குங்கள். கடையில் அதைச் சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஹைபிரிட் என்று சொன்னாலும் சரி, எம்.டி.பி., அதாவது மலை சைக்கிள், என்று சொன்னாலும் சரி. மகளுக்கு 24 அங்குலச் சக்கரம் போதும். மடக்கு சைக்கிளும் பேட்டரி சைக்கிளும் நல்ல பொருள்கள்தான் என்றாலும் உங்கள் காருக்கும் நீங்கள் போகும் மலைகளுக்கும் பொருந்தி வராதவை. இந்த முடிவுக்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் போய் நிற்கும்போது நான் சொன்ன மாதிரியே ஒன்று இருக்காது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் சைக்கிளை முதலில் வாங்கிவிட்டு, அதை எப்படி ஏற்றிக்கொண்டு போவது என்று பிறகுதான் யோசிக்கிறார்கள். முகாமுக்கான சைக்கிளைப் பொறுத்தவரை இது தலைகீழாக நடக்க வேண்டும். 200 கிலோமீட்டர் காரில் பயணம் செய்து, 15 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டப்படும் வண்டி அது. ஏற்றுவதற்கு அரை மணி நேரமும், இறக்கிப் பூட்டுவதற்கு இன்னொரு அரை மணி நேரமும் ஆகும் என்றால், இரண்டாவது முறையிலேயே அது வீட்டு மாடிப்படிக்குக் கீழே போய்விடும். ஆகவே அளவு டேப்பை எடுத்துக்கொண்டு முதலில் காரிடம் போங்கள்.

27.5 அங்குலச் சக்கரம் உள்ள சைக்கிள் முழுதாக நின்றால் ஏறக்குறைய 175 முதல் 180 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சக்கரம் மட்டும் டயரோடு சேர்த்து 70 சென்டிமீட்டர் விட்டம். இரண்டு சக்கரங்களையும் கழற்றினாலும் ஃபிரேம் ஒரு மீட்டருக்கு மேல் நிற்கும். பின்சீட்டை முழுதாக மடித்தால் இதில் இரண்டு சைக்கிளைச் சிறிய காருக்குள் படுக்க வைக்க முடியும். ஆனால் மகள் எங்கே உட்காருவாள்? சீட்டைப் பாதியாக மடிக்கும் வசதி உங்கள் காரில் இருந்தால் ஒரு சைக்கிளும் மகளும் உள்ளே வரலாம், டென்ட்டுக்கும் அடுப்புக்கும் பாய்க்கும் இடம் போய்விடும். எனவே உங்கள் நிலையில் சைக்கிள்கள் காருக்கு வெளியேதான் பயணம் செய்ய வேண்டும்.

வெளியே என்றால் கூரை அல்லது பின்கதவு. கூரையில் வைக்க முதலில் குறுக்குக் கம்பிகள் பொருத்த வேண்டும், 14 கிலோ சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும், கூரை தாங்கும் எடையைக் காரின் கையேட்டில் பார்க்க வேண்டும், அதன் பிறகு மலைச்சாலையில் தாழ்ந்து தொங்கும் மரக்கிளைகளையும் விடுதிகளின் நுழைவு வளைவுகளையும் நினைவில் வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். டிக்கிக் கதவில் கொக்கிகளை மாட்டிப் பட்டைகளால் இறுக்கும் பின்கேரியர் விலையும் குறைவு, ஏற்றுவதும் எளிது. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் இந்தக் கேரியர்தான் நீங்கள் எந்த சைக்கிளை வாங்கலாம் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிக்கப் போகிறது.

இந்தக் கேரியர்களில் பெரும்பாலானவற்றில் சைக்கிள் ஒன்றுக்கு 15 கிலோ, மொத்தம் மூன்று என்று எழுதியிருக்கும். பெரிய ஷாக், இரும்பு ஃபிரேம், மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்த மலிவான எம்.டி.பி. 17, 18 கிலோ எளிதாக வந்துவிடும். அப்படி இரண்டைத் தொங்கவிட்டாலே அனுமதித்த எடையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அடுத்தது ஃபிரேமின் வடிவம். கேரியரின் இரண்டு கைகள் சைக்கிளின் மேல்குழாயைத் தாங்கிப் பிடிக்கின்றன. மேல்குழாய் ஏறக்குறைய கிடையாக இருந்தால் சைக்கிள் நேராகத் தொங்கும். பெண்களுக்கானது என்று விற்கப்படும், மேல்குழாய் தாழ்ந்து வளைந்த ஃபிரேமும், நடுவில் ஷாக் வைத்த ஃபிரேமும் கேரியரில் கோணலாகத் தொங்கித் தரையைத் தொடப் பார்க்கும். சீட் கம்பத்துக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே போடும் தனிக் கம்பி ஒன்று இதற்கென்றே விற்கிறது. அதை வாங்குவதைவிட, உங்கள் மனைவிக்குப் புடவை, சுடிதார் என்ற தடை இல்லையென்றால், சரியான உயரத்தில் நேர்க்குழாய் ஃபிரேமையே எடுப்பது நல்லது.

ஏற்றும்போது பார்க்க வேண்டியவை சில. கேரியர் மாட்டியபின் நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறையக் கூடாது; மறைந்தால் போலீஸ் நிறுத்துவது மட்டுமல்ல, பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதே தெரியாது. சைக்கிளின் சக்கரம் சைலன்சர் குழாய்க்கு நேர் பின்னால் வந்தால் சூட்டில் டயர் கெட்டுவிடும். சைக்கிளைத் திருப்பி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் ஓரம் கட்டிப் பட்டைகளை மறுபடியும் இறுக்குங்கள், புதுப்பட்டை கட்டாயம் தளர்ந்திருக்கும். சைக்கிள் தொங்கும்போது டிக்கியைத் திறக்க முடியாது என்பதை மறந்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடையை உள்ளே வைத்துப் பூட்டிவிடாதீர்கள். பின்கதவில் பிளாஸ்டிக் ஸ்பாய்லர் உள்ள கார் என்றால், கொக்கி மாட்ட உறுதியான இரும்பு விளிம்பு இருக்கிறதா என்று கேரியர் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இனி ஓட்டும் இடத்துக்கு வருவோம். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏலகிரியில் 14. இவற்றைச் சைக்கிளில் ஏறுவது ஒரு தனிப் பயிற்சி. நீங்கள் காரில் ஏறிவிடப் போகிறீர்கள். மேலே போனபின் செம்மேடு, சோளக்காடு பக்கத்து ஊர்ச்சாலைகளிலும், ஏலகிரியில் புங்கனூர் ஏரியைச் சுற்றியும் அத்தனாவூர், நிலாவூர்ப் பக்கமும் ஓட்டுவீர்கள். அந்தச் சாலைகள் எல்லாம் தார்தான். ஆங்காங்கே பெயர்ந்து ஜல்லி தெரியும். தங்குமிடத்துக்குப் பிரியும் கடைசித் துண்டு மண்பாதையாக இருக்கும். ஆனால் சமதளம் என்று அரைக் கிலோமீட்டர்கூட சேர்ந்தாற்போல் கிடைப்பது அரிது. இறங்கினால் ஏற வேண்டும். ஆகவே உங்களுக்கு முக்கியம் முதலில் கியர், அதற்கடுத்து டயர், அதற்கடுத்து பிரேக்.

விளம்பரத்தில் 21 கியர், 24 கியர் என்று எண்ணிக்கையைச் சொல்வார்கள். எண்ணிக்கையால் ஏற்றம் ஏற முடியாது. மிகத் தாழ்ந்த கியரில் பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் சைக்கிள் எத்தனை மீட்டர் நகர்கிறது என்பதுதான் கணக்கு. முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின்னதன் பற்களால் வகுத்துச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் விடை வரும். 44 பல் முன்னும் 18 பல் பின்னும் வைத்த பழைய 28 அங்குல கறுப்பு சைக்கிள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் நகரும். முன்னே 48, பின்னே அதிகபட்சம் 28 பற்கள் உள்ள 20 அங்குல மடக்கு சைக்கிளில் அது 2.6 மீட்டர். முன்னே 24, பின்னே 34 உள்ள 27.5 அங்குல சைக்கிளில் 1.5 மீட்டர்தான்.

இந்த வித்தியாசம் காலுக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். 8 சதவீத ஏற்றம், சைக்கிளும் ஆளும் சேர்ந்து 85 கிலோ, நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 2.6 மீட்டர் கியரில் மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். அதற்கு 190 வாட்டுக்கு மேல் திறன் தேவைப்படும். 1.5 மீட்டர் கியரில் மணிக்கு 5.4 கிலோமீட்டர், ஏறக்குறைய 110 வாட். அன்றாடம் சைக்கிள் ஓட்டாத ஒருவர் மூச்சு வாங்காமல் சற்று நேரம் தாங்கக்கூடியது இரண்டாவது அளவுதான். முதலாவதில் மிதி கனத்து, சுற்று குறைந்து, கடைசியில் இறங்கித் தள்ள நேரும். எனவே கடையில் மிகப் பெரிய பின் பல்சக்கரத்தின் பற்களையும் மிகச் சிறிய முன் பல்சக்கரத்தின் பற்களையும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே எண் பொறித்திருக்கும். முன்னதைவிடப் பின்னது பெரிதாக இருக்க வேண்டும். இரண்டும் சமம் என்றால் சமாளிக்கலாம். முன்னே ஒரே பல்சக்கரமும் பின்னே 8 அல்லது 9 கியரும் உள்ள புது வகைகளில் 38-க்கு 34 என்று வருவதுண்டு, அது கொல்லிமலைக்குச் சற்றே கனம். நல்ல மெக்கானிக்கால் முன் பல்சக்கரத்தை 32 ஆக மாற்றித் தர முடியும், பெடல் தண்டான கிராங்க், பல்சக்கரத்தை மாற்றக்கூடிய வகையாக இருந்தால். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முன்பக்க ஷாக் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே சொல்வேன். 20,000 ரூபாய்க்குள் கிடைக்கும் ஷாக்குகளில் பெரும்பாலானவை உள்ளே ஒரு சுருள் கம்பியும் சில ரப்பர்த் துண்டுகளும் மட்டுமே கொண்டவை. திரும்பி எழும் வேகத்தைத் தணிக்கும் எண்ணெய் அமைப்பு அவற்றில் இருக்காது. பள்ளத்தில் அமுங்கித் துள்ளும், ஏற்றத்தில் நின்று மிதித்தால் உங்கள் உழைப்பில் ஒரு பங்கை விழுங்கும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் எடையை ஓரிரு கிலோ கூட்டும், இரண்டு மழைக்காலம் போனால் துருப்பிடித்து இறுகிவிடும். அதே பணம் நல்ல ரிம்முக்கும் பிரேக்குக்கும் போனால் ஓட்டுபவருக்கு உண்மையான பயன் உண்டு. நீங்கள் ஓட்டப்போகும் பாதைக்குக் காற்று அளவாக அடித்த 2 அங்குல டயரே போதுமான ஷாக். ஷாக் இல்லாதது கிடைக்கவில்லை, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றால், அதைப் பூட்டும் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

டயரில்தான் நம் ஊருக்கே உரிய பிரச்சினை தொடங்குகிறது. மலைமேல் கல்லும் சரளையும். அடிவாரத்திலும் கடற்கரைச் சமவெளியிலும் சீமைக்கருவேல முள். வெட்டிப் போட்ட வேலி ஓரங்களிலும் வண்டிப்பாதைகளிலும் உதிர்ந்து கிடக்கும் அந்த முள், சைக்கிள் டயர் என்ன, செருப்பையே துளைத்துக்கொண்டு ஏறும். தரிசு நிலத்தில் நெருஞ்சி வேறு. நெருஞ்சிக்காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். ஒரு கொத்தின் மேல் ஏறினால் ஒரே நேரத்தில் நாலைந்து துளை. டென்ட் அடிக்க நல்ல வெட்டவெளி என்று நாம் தேர்ந்தெடுக்கும் தரைதான் பெரும்பாலும் நெருஞ்சி படரும் தரையும்.

இதற்கு மூன்று தடுப்புகள் உண்டு. டயருக்குள் பஞ்சர் தடுப்பு அடுக்கு வைத்த டயர். டயருக்கும் டியூபுக்கும் இடையே வைக்கும் பிளாஸ்டிக் பட்டை. டியூபுக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம். மூன்றாவதுதான் நெருஞ்சிக்குச் சரியான மருந்து, சிறு துளைகளை அதுவே அடைத்துக்கொள்ளும். ஆனால் நம் வெயிலில் சில மாதங்களில் உலர்ந்துவிடுவதால் மறுபடியும் ஊற்ற வேண்டியிருக்கும். கருவேல முள்ளுக்கு முதல் இரண்டில் ஒன்றோடு சேர்த்துச் சீலன்டும் இருந்தால் நிம்மதி. எப்படியும் பஞ்சர் ஆகத்தான் போகிறது, அப்போது ஒரு விஷயத்தைத் தவற விடாதீர்கள். டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தை ஒரு பழைய பருத்தித் துணியால் மெதுவாகத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். கருவேல முள் வெளியே ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, துணியின் நூலைப் பிடித்து இழுக்கும். அதை உட்புறமிருந்து குறட்டால் பிடுங்காமல் புது டியூப் போட்டால், பம்பைக் கீழே வைப்பதற்குள் அதுவும் காற்று இறங்கிவிடும்.

டயரின் அகலம் 40 முதல் 50 மில்லிமீட்டர், நடுவில் பூ அதிகம் இல்லாமல் ஓரங்களில் மட்டும் கட்டை கட்டையாக இருப்பது. முழுக்கக் கட்டைப் பூ உள்ள எம்.டி.பி. டயர் தார்ச்சாலையில் ஓலமிடும், இழுக்கும். காற்று, 70 கிலோ ஆளுக்கு 2 அங்குல டயரில் 35 முதல் 45 பி.எஸ்.ஐ. போதும், உங்கள் மகளுக்கு 30 போதும். வால்வு, கார், பைக் டயர்களில் இருப்பது போன்ற தடித்த வகையாக இருக்கட்டும், எந்த ஊர்ப் பஞ்சர் கடையிலும் காற்றுப் பிடிக்கலாம். பெட்ரோல் பங்க் கம்ப்ரஸரில் பிடித்தால் விட்டு விட்டுப் பிடியுங்கள், சைக்கிள் டியூப் ஒரே மூச்சில் வெடித்துவிடும். சக்கர அளவைப் பற்றியும் ஒரு சொல்: 26 அங்குல டியூப் சிற்றூர்க் கடைகளிலும் தொங்கும், 27.5 அப்படியல்ல. ஆனால் 27.5 டயருக்குள் 26 டியூபைச் சற்றே இழுத்துப் போட்டு ஓட்டிவிடலாம் என்பதால் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

பிரேக்கில் உங்களுக்கு வயரால் இயங்கும் டிஸ்க் பிரேக் பொருத்தம். நீண்ட இறக்கத்தில் ரிம்மைக் கவ்வும் பிரேக்கைவிட இது நம்பிக்கையானது, மழையில் இன்னும் அதிகம். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் இதைவிட மென்மையாகப் பிடிக்கும், ஆனால் சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது யாராவது தெரியாமல் லிவரை அழுத்திவிட்டால் உள்ளே கட்டைகள் ஒட்டிக்கொண்டு சக்கரம் திரும்ப நுழையாது. வாங்கினால் ஒரு தடித்த அட்டைத் துண்டைக் கட்டைகளுக்கு இடையே செருகி வைக்கப் பழகுங்கள். எந்த டிஸ்க்காக இருந்தாலும் காரில் அதன் தட்டின் மேல் பொருள் சாய்ந்தால் வளைந்துவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் உரசும். மகளுக்குப் பிரேக் லிவரைக் கை எட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள், லிவரை ஹேண்டிலுக்கு நெருக்கமாகக் கொண்டுவர ஒரு சிறு திருகு இருக்கும்.

மடக்கு சைக்கிள் மேல் உங்களுக்கு இருக்கும் ஆசை புரிகிறது. டேவிட் ஹான் 1982-இல் தொடங்கிய டஹோன் முதல் இன்று டெகத்லான் விற்பவை வரை, 20 அங்குல மடக்கு சைக்கிள்கள் ஊருக்குள் மிக வசதியானவை. லண்டனில் தயாராகும் பிராம்ப்டன் 16 அங்குலச் சக்கரத்தோடு 65 சென்டிமீட்டருக்குள் மடங்கிவிடும், விலைதான் உங்கள் மூன்று சைக்கிள்களின் பணத்தையும் தாண்டிவிடும். ஆனால் 20 அங்குல மடக்கு சைக்கிள் எடையில் குறைவில்லை, 14, 15 கிலோ வரும். மடித்தால் ஒன்று டிக்கியை நிரப்பிவிடும், மூன்று எங்கே போகும்? சிறிய சக்கரம் ஜல்லிக் குழியில் விழுந்து எழுவதும் கடினம், மண்ணில் புதைவதும் சீக்கிரம். கியர்க் கணக்கை மேலேயே சொன்னேன். நீங்கள் தனியாக ரயிலில் போய், சமவெளியில் தங்குபவராக இருந்தால் என் பதில் மாறியிருக்கும்.

பேட்டரி சைக்கிள் மலைக்கு ஏற்றதுதானே என்று கேட்டிருந்தீர்கள். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டதற்குப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் பணத்துக்குக் கிடைப்பவை 20 கிலோவைத் தாண்டும். பின்கேரியரின் வரம்பு உடனே அடிபட்டுப்போகும். பின்சக்கர மையத்தில் மோட்டார் வைத்தவற்றில் வயரையும் நட்டையும் கழற்றாமல் சக்கரம் வராது. பல முகாம்களில் ஒரு பிளக் பாயின்ட்டுக்கு நாலு போன் காத்திருக்கும். மின்சாரம் தீர்ந்த பேட்டரி சைக்கிளைக் கொல்லிமலையில் மிதிப்பது எதிரிக்கும் வேண்டாம். வாங்கியே தீருவது என்றால் பயணத்தின்போது பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் பூட்டிய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடற்கரைக்காக 4 அங்குல ஃபேட் டயர் சைக்கிள் வாங்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. ஆண்டுக்கு ஒரு பயணத்துக்காக அதை வாங்க வேண்டாம், கேரியரின் பட்டைகளுக்குள் அந்தச் சக்கரம் அடங்காது. உலர்ந்த மணலில் உங்கள் 2 அங்குல டயர் புதையும்தான். அலை வடிந்த ஈர மணலில் ஓடும், ஊர்ச்சாலைகளில் ஓடும். கடலோரத்தில் கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றி. திரும்பியதும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் போல்ட்டுத் தலைகள் எல்லாம் சிவந்துவிடும். பழைய கறுப்பு சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை: தரங்கம்பாடி, வேதாரண்யம் போன்ற தட்டையான கடலோரத்தில் மட்டும் முகாமிடுகிறவருக்கு, 20 கிலோ கனமும் மழையில் வழுக்கும் பிரேக்கும் இருந்தபோதிலும், கேரியரும் இரட்டைக் கால் ஸ்டாண்டும் கொண்ட அந்த வண்டிக்கு இணையாக எதையும் நான் சொல்ல மாட்டேன். எந்தக் கிராமத்திலும் அதற்குப் பழுது பார்ப்பார்கள். உங்கள் மலைக்கு அது ஆகாது.

மகளுக்கு "வளர்ந்துவிடுவாள், பெரியதாகவே வாங்கிவிடலாம்" என்று 26 அங்குலம் எடுத்துவிடாதீர்கள். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலின் முன்பாதமும் தரையைத் தொட வேண்டும். இறங்கி நின்றால் மேல்குழாய்க்கும் அவளுக்கும் இடையே நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். 145 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே என்றால் 24 அங்குலம்தான். குழந்தைகள் சைக்கிளில் எடையை யாரும் பார்ப்பதில்லை. 35 கிலோ பிள்ளை 15 கிலோ சைக்கிளை ஏற்றத்தில் மிதிப்பது, உங்களுக்கு 30 கிலோ சைக்கிள் கொடுத்த மாதிரி. மூவரில் அவளுக்குத்தான் எடை குறைந்ததும் கியர் தாழ்ந்ததும் தேவை. பட்ஜெட்டில் ஏதாவது கூட்டுவதானால் அங்கே கூட்டுங்கள்.

ஒரு சைக்கிளிலாவது சாமான் கட்டும் பின்கேரியர் இருக்கட்டும். ஃபிரேமில் அதற்கான திருகு ஓட்டைகள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முகாமில் தண்ணீர், பால், மாவு பாக்கெட் வாங்க ஊருக்குள் போய்வர அதுதான் உதவும். 20 லிட்டர் கேனை அதன் மேல் கட்டாதீர்கள், ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும். 5 லிட்டர் கேன் இரண்டைப் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிடுங்கள். சைக்கிள் பையில் தின்பண்டம் வைத்துவிட்டு டென்ட்டுக்குள் தூங்கினால் காலையில் பையோடு சீட் உறையையும் குரங்குகள் கிழித்திருக்கும். காப்புக்காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். யானை நடமாடும் மலைகளுக்குப் போனால் விடியலிலும் அந்தியிலும் சைக்கிளே எடுக்க வேண்டாம், சத்தமில்லாமல் வளைவில் திரும்பி யானையின் முன் போய் நிற்கும் வாகனம் அது ஒன்றுதான்.

கடைக்குப் போகும்போது காரிலேயே போங்கள். காரின் பின்கேரியரை மாட்டி, வாங்கப் போகும் சைக்கிளைத் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். முன்சக்கரத்தை நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். நட்டு வைத்த சக்கரம் என்றால் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று காரில் நிரந்தரமாக இருக்க வேண்டும். அதுவே பெடல் கழற்றவும் உதவும், கழற்றினால் கேரியரில் சைக்கிள்கள் ஒன்றையொன்று கீறாது. இடப்பக்கப் பெடலின் மரை மட்டும் எதிர்த்திசை என்பதை மறந்து பலம் கொண்டு திருகினால் மரை போய்விடும். பின்சக்கரத்தைக் கழற்றும் முன் செயினை மிகச் சிறிய பல்லுக்குக் கொண்டுவாருங்கள். கழற்றாமல் தொங்கவிடுவதானால் மிகப் பெரிய பல்லில் வையுங்கள், கியர் மாற்றி உட்பக்கம் ஒதுங்கி அடிபடாமல் இருக்கும். அந்தக் கியர் மாற்றி தொங்கும் சிறு அலுமினியத் துண்டை ஹேங்கர் என்பார்கள். சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான், மாடலுக்கு மாடல் வடிவம் வேறு என்பதால் செம்மேட்டில் தேடினால் கிடைக்காது. சைக்கிள் வாங்கும் அன்றே ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹேங்கர் கூடுதலாகக் கேட்டு வாங்கி, டியூபும் பம்பும் வைக்கும் பையிலேயே போட்டுவையுங்கள்.